பாதித் தாடியும் ரைஸ்மில் பெல்ட்டும்

கடப்பாக்கம்,
14-8-1974

மகாராஜராஜஸ்ரீ கோதண்டராமன் மச்சான் அவர்களுக்கு, உங்கள் தங்கை வச்சலாவின் வீட்டுக்காரன் சிவப்பிரகாசம் அநேக வணக்கம். இங்கே நான் சுகம். என் வலது கன்னம் மட்டும் சுகமில்லை, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். அத்தை பக்கத்தில் இருந்தால் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அப்புறமாகப் படியுங்கள்.

ஆறு வருஷம் காத்திருந்து உண்டான பிள்ளை. அது பிறக்கிற வரைக்கும் முகத்தில் கத்தி படக்கூடாது என்று அத்தை சொன்னதை ஏழு மாசமாக நான் தட்டவில்லை. மில்லில் மூட்டை தூக்குகிறவர்கள் என்னைச் சாமி என்று கும்பிடுகிறார்கள். வச்சலா பிரசவத்துக்கு வந்திருக்கிற செங்கல்பட்டிலிருந்து தந்தி வந்ததும் மழித்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்து நிற்கவேண்டும் என்று, கல்யாணத்துக்கு நீங்கள் கொடுத்த சவரக்கத்தியை எடுத்தேன். அது வெண்ணெயைக்கூட வெட்டாது. தோல்வாரில் தீட்டவேண்டும் என்றார் பார்பர் மாயவன், தன்னுடைய வாரை மட்டும் தரமாட்டாராம்.

சரி, நாமே செய்வோம் என்று இன்று விடிந்ததும் உட்கார்ந்தேன். எங்கள் ரைஸ்மில்லில் அறுந்து கிடந்த தோல் பெல்ட்டில் ஒரு முழம், கரையில் ஒதுங்கிய படகுப் பலகை, பழைய செருப்பிலிருந்து பிடுங்கிய ஆணி. தோல் விறைப்பாக இருந்தது, வீட்டில் விளக்கெண்ணெய் இல்லை, பக்கத்து வீட்டு மீன்காரி ஆதியம்மாளிடம் படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெய் வாங்கித் தேய்த்தேன், தெருவில் இருக்கிற பூனை அத்தனையும் வந்துவிட்டது, அதில் ஒன்று பலகையோடு இழுத்துக்கொண்டு ஓட, துரத்திப் பிடுங்கி வந்து, கூர்ப்பக்கம் முன்னால் போகத் தீட்டினால் அது பெல்ட்டையே வாழைக்காய் மாதிரி சீவுகிறது. வெண்ணெயை வெட்டாத கத்திக்குத் தோலை வெட்ட மட்டும் தெரிந்திருக்கிறது. அப்புறம்தான் கத்தியின் முதுகு முன்னால் போகவேண்டும் என்று புத்தி வந்தது. நாற்பது தரம் இழுத்தேன். மின்னிற்று மச்சான். கூர் வந்திருக்கா பார்ப்போம் என்று கன்னத்தில் வைத்தேன், கை தன் பாட்டுக்கு இறங்கிவிட்டது. வலப்பக்கத் தாடி மடியில் விழுந்த பிறகுதான் செய்த காரியம் உறைத்தது.

எண்ணெய்க் கிண்ணம் வாங்க வந்த ஆதியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள். "இன்னா அண்ணாத்த, அது புள்ள பெத்துக்கப் போயிருக்கசொல்லோ நீ மூஞ்சிய வழிச்சிகினு குந்தினுகீற? ஒன்னியும் ஆவாது. எதுக்கும் ஆத்தாளுக்கு வேண்டிக்க."

ஒன்றும் ஆகாது என்றால் எதற்கு வேண்டிக்கொள்வது? இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை என்று உங்களிடம் வாய் கிழியப் பேசியவன்தான் நான். விழுந்த தாடியைப் பசை போட்டு ஒட்டிக்கூடப் பார்த்தேன். வச்சலாவுக்கு ஒரு குறையும் வரக்கூடாது மச்சான், அவள் இல்லாத இந்த வீட்டில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீங்கள்தான் அத்தையிடம் நயமாகச் சொல்லி, என்ன பரிகாரமோ கேட்டு எழுதவேண்டும்.

அத்தைக்கு நமஸ்காரம். வச்சலாவிடம் இந்த விஷயம் தவிர மற்ற எல்லாம் விசாரித்ததாகச் சொல்லவும்.

ஒரு கன்னத்தோடு காத்திருக்கும்,
சிவப்பிரகாசம்

பி.கு.: கவரை ஒட்டும்போது உங்கள் தந்தி வந்தது. விடியற்காலை ஐந்தரைக்குப் பெண் குழந்தை, தாயும் சேயும் நலம். நான் கத்தி வைத்தது எட்டே முக்காலுக்கு, ஆதியம்மாள் சாட்சி. ஆகையால் மேலே எழுதியது எதுவும் நடக்கவில்லை, அத்தையிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். தபாலுக்கு முன்னால் நானே வந்துவிடுவேன், இதைக் கையிலேயே தருகிறேன். இடப்பக்கத்தையும் மழிக்க உட்கார்ந்தேன், கண்ணீரில் கண்ணாடி தெரியவில்லை. பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது. இப்படியே வருகிறேன், என் பெண் எந்தப் பக்கத்தை வேண்டுமானாலும் அப்பா என்று வைத்துக்கொள்ளட்டும்.