மங்களக்கா தந்த நற்சான்று

முதலில் மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என்னுடையது பேனா பிடித்துப் பழகிய கை அல்ல. சாதாரண தரப் பரீட்சையோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நானும் அதைப் பிடித்து வைக்கவில்லை. எங்கள் பகுதி வியாபாரிகள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்கள். ஆளுக்கொரு கட்டுரை தரவேண்டும் என்று சொல்லி, எனக்குத் தந்த தலைப்பு: "தொழிலில் நல்ல தொடர்புகளை வளர்ப்பது எப்படி?" என் கடைக்கு வருகிற கூட்டத்தைப் பார்த்து அவர்கள் ஏமாந்திருக்கிறார்கள். வாடிக்கையாளர் உள்ளே வந்தால் இன்றைக்கும் நான் மேசைக்குக் கீழே குனிந்து, விழாத ஆணியைத் தேடுகிறவன். கதைப்பது முழுக்க என் மனைவி. ஆனால் கேட்டவர்களிடம் "ஏலாது" என்று சொல்லவும் எனக்குக் கூச்சம். அதனால்தான் எழுதுகிறேன்.

சண்டைக் காலம் அது. எனக்குக் கலியாணம் முடிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. திருகோணமலைக்குப் பக்கத்தில், பாலையூற்றில் குடியிருந்தோம். தையல் மெசின் திருத்தும் வேலையில் பாதியை ஒருவரிடம் கற்றிருந்தேன். மீதியை மற்றவர்களின் மெசின்களில் கற்றுக்கொண்டிருந்தேன். (அது அவர்களுக்குத் தெரியாது.)

என் அக்காவின் கணவர், எங்கள் அத்தான், திருகோணமலை நகரத்தில், நாங்கள் ரவுண் என்கிற இடத்தில், துறைமுகத்துக்குப் போகிற தெருவில் நூல், பொத்தான் கடை வைத்திருந்தார். கப்பலில் வேலை செய்கிறவர், மீன் கூடையோடு போகிறவர், கச்சேரியில் அரசாங்க அலுவலுக்கு வந்தவர் என்று யாரும் அவரோடு பேசாமல் அந்தத் தெருவைக் கடந்ததில்லை. தண்ணீர் கேட்டு நின்றவர்கூடப் போகும்போது ஒரு டசின் பொத்தானோடு போவார்.

வேலை கிடைக்கவில்லை என்று நான் அவரிடம் போய் நின்றேன்.

"தம்பி, தொழில் எண்டது கையில இல்லையடா, வாயில கிடக்கு," என்றார்.

"எனக்குக் கதைக்க வராது அத்தான்."

"நீ பெரிசாக் கதைக்க வேண்டாம். ஒரு வீட்டில வேலை முடிச்சால், 'அக்கா, உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்களுக்கும் சொல்லிவிடுங்கோ' எண்டு கேள். அடுத்த வீட்டுப் படலையில நிண்டு, 'இன்னார் அனுப்பி வந்தனான்' எண்டு சொல்லு. பேர்தான் படலையைத் திறக்கும்."

"கேக்க வெக்கமாக் கிடக்கு."

"வெக்கத்தை இஞ்ச வைச்சிட்டுப் போ. நான் மேசை லாச்சிக்குள்ள போட்டுப் பூட்டிவைக்கிறன்."

பிறகு என்னைக் கடை வாசலில் நிற்கவைத்து ஒரு பேச்சைப் பாடமாக்கினார். "வணக்கம். நான் தையல் மெசின் திருத்துறனான். இன்னார் அனுப்பி வந்தனான். எந்த மெசினும் பாப்பன்." தெருவால் போனவர்கள் என்னை நாடகத்துக்குப் பழக்குகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

அத்தானின் பாடத்தில் இரண்டு பகுதிகள் இருந்தன. முதல் பகுதி, மற்றவர்களிடம் சொல்லிவிடும்படி கேட்பது. அது எனக்கு வரவில்லை. வேலை முடிந்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும். பையை எடுத்துக்கொண்டு ஓடிவிடுவேன். இரண்டாம் பகுதி, ஒரு பெயரைச் சொல்வது. அது சுலபமாக இருந்தது. யாரும் என்னை அனுப்பவில்லைதான். அதனால் நானே ஒரு பெயரை எடுத்துக்கொண்டேன்.

தம்பலகாமத்துப் பக்கம் நெல் மில் வைத்திருந்த முதலாளியின் பெயர் அது. அவரை இரண்டு தரம் கண்டிருக்கிறேன். (ஒருதரம் முதுகுப் பக்கம்.) "மில் முதலாளி வீட்டு மெசின் நான்தான் பாக்கிறனான்" என்று சொன்னதும் படலைகள் திறந்தன. அத்தான் சொன்னது பொய்யில்லை. படலை திறந்த பிறகு மெசினையும் திறக்கவேண்டி இருந்ததுதான் சிக்கல்.

அப்படித் திறந்த ஒன்று மங்களக்காவின் மெசின். எங்கள் வீட்டுக்கு நாலு ஒழுங்கை தள்ளி இருந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டை தைத்து விற்பதுதான் அவருக்குச் சீவியம். கொஞ்சம் இறுக்கமாக ஓடுகிறது, எண்ணெய் போட்டு விடு என்று என்னைக் கூப்பிட்டார். நான் முழுவதையும் கழற்றிப் பூட்டினேன். அதன்பிறகு மெசின் வழுக்கிக்கொண்டு ஓடியது. ஆனால் நாலைந்து தையலுக்கு ஒரு தையலை விழுங்கியது. அவர் ஆள்விட்டார், சொல்லிவிட்டார், கடைசியில் என் வீட்டுக்கே வந்தார். நான் பின்வேலியால் போய்விட்டேன். அதற்குப் பிறகு அவருடைய ஒழுங்கையைத் தவிர்க்க நெடும் சுற்றுப்பாதையில் சைக்கிள் மிதித்தேன். அந்த நாட்களில் என் கால்கள் நன்றாகத் தேறின.

அந்தக் குறிப்பிட்ட நாளில் புதிய படலைகளைத் தேடித் தம்பலகாமம் பக்கம் போனேன். "பகல் சாப்பாட்டுக்கு வந்திடுவன்" என்று மனைவியிடம் சொல்லியிருந்தேன். கண்டி வீதிச் சென்றியில், ஆமியின் சோதனைச் சாவடியில், அன்றைக்குக் கெடுபிடி அதிகம். ஆமிக்காரர் என் பையை மேசையில் கொட்டினார்கள். ஸ்பிரிங்குகள், கம்பிச் சுருள், பல்லுச் சில்லுகள், ஒரு போத்தல் எண்ணெய். மெசினுக்குள் இருக்கும்வரை அப்பாவியாக இருக்கிற சாமான்கள். மேசையில் பரப்பிப் பார்த்தபோது எனக்கே பயமாகிவிட்டது.

ஓரளவு தமிழ் தெரிந்த ஒருவர், "எங்க போறது?" என்று கேட்டார்.

வேலைக்கு என்று சொன்னால் போதும். ஆனால் பயத்தில் என் சொந்தத் தமிழ் முழுக்கப் போய், பாடமாக்கியது மட்டும் மிஞ்சியிருந்தது.

"வணக்கம். நான் தையல் மெசின் திருத்துறனான். மில் முதலாளி அனுப்பி வந்தனான். எந்த மெசினும் பாப்பன்."

"மில் முதலாளி உங்களுக்குத் தெரியுமா?"

"நல்லாத் தெரியும். அவர் வீட்டு மெசின் நான்தான் பாக்கிறனான்."

மில் பக்கத்தில்தான் இருந்தது. ஆளனுப்பினார்கள். முதலாளி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அப்போதுதான் அவருடைய முகத்தைச் சரியாகக் கண்டேன். ஈரநெல்லைப் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஐயா, இவரை நான் கண்டதே இல்லை. எங்கட வீட்டில தையல் மெசினும் இல்லை. என்ர மனுசி ஊசியில நூல் கோக்கவே என்னைத்தான் கூப்பிடுறவ."

அவர் உள்ளதைச் சொன்னார். சொல்லிவிட்டுப் போனார்.

பெரியவர், அதாவது அங்கே பொறுப்பாக இருந்த அதிகாரி, என்னை மண்மூட்டைகளுக்குப் பக்கத்தில் இருத்தச் சொன்னார். தமிழ் தெரிந்தவர் விளக்கினார். என்னைத் தெரிந்த யாராவது அடையாள அட்டையோடு வந்து பொறுப்பெடுக்கவேண்டும். இல்லாவிட்டால் பின்னேரம் ட்ரக் வரும். அதில் பெரிய முகாமுக்கு.

அப்படிப் போனவர்களில் சிலர் மறுநாள் வந்தார்கள். சிலருடைய வீட்டில் மாதக்கணக்காகப் படலையைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியாது.

யாரைக் கூப்பிடலாம் என்று யோசித்தேன். அத்தான் ரவுணில், செய்தி சொல்ல வழியில்லை. எத்தனை வீட்டுக் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்திருக்கிறேன்! அவர்களில் ஒருவரிடமாவது திரும்பிப் போய், "மெசின் எப்படி ஓடுது?" என்று கேட்டதில்லை. என் பெயரே அவர்களுக்கு ஞாபகம் இருக்காது என்று நினைத்தேன்.

அந்த நேரத்தில்தான் கந்தளாயிலிருந்து ரவுணுக்குப் போகிற பஸ் வந்து நின்றது. வழக்கம்போல எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நடந்தார்கள். நடுவில், துணிப்பையோடு, மங்களக்கா.

நான் மண்மூட்டைக்குப் பின்னால் ஒளிந்தேன். (ஆமிக்குப் பயந்து அல்ல.) நான் ஒளிந்ததைக் கண்டு தமிழ் தெரிந்தவர் துவக்கை இறுக்கிப் பிடித்தார். அதற்குள் அக்கா கண்டுவிட்டார்.

"டேய் தம்பி! இஞ்சயோ இருக்கிறாய்?"

வரிசையை விட்டு நேரே வந்தார்.

"அம்மா, லைன்ல நில்லுங்க."

"லைன் கிடக்கட்டும் ஐயா. இந்த ஆளை நான் ரெண்டு மாசமாத் தேடுறன்."

"ஏன்? அம்மாவுக்கு இவரைத் தெரியுமா?"

"தெரியாதோ! பாலையூற்று ஆள். என்ர வீட்டுக்கு அங்கால நாலாம் ஒழுங்கை. பேர் சிவபாதம். ஓடின மெசினைப் படுக்க வைச்சிட்டு ஒளிச்சுத் திரியிறார்."

"அப்ப மெசின் திருத்துற ஆள்தானா?"

"திருத்துற ஆள் எண்டு எப்பிடிச் சொல்லுறது? கழட்டுவார். அது உண்மை."

பெரியவர் ஏதோ கேட்டார். தமிழ் தெரிந்தவர் திருப்பிச் சொன்னார்: "வேற என்ன வேலை செய்யிறது இவர்?"

"இந்த வேலையே செய்யத் தெரியாது ஐயா, வேற என்னத்தைச் செய்யப்போறார்? முகத்தைப் பாருங்கோ. ஆரும் ஒரு ரகசியத்தை நம்பிக் குடுக்கிற முகமோ இது?"

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். மறுத்துச் சொல்ல யாரும் முன்வரவில்லை.

அக்கா பையிலிருந்து ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து மேசையில் விரித்தார். தோள் தையலை லேசாக இழுத்தார். அது 'சர்' என்று திறந்துகொண்டது. பெரியவர் சட்டையை வாங்கி மற்றத் தோளை இழுத்தார். அதுவும் திறந்தது.

வரிசையில் நின்ற ஒரு பெண், "அக்கா, இவரோ? என்ர மச்சாள் வீட்டு மெசினும் இவர்தான் பாத்தவர். இப்ப அதுக்கு மேல பூச்சாடி வைச்சிருக்கினம்," என்றார்.

பின்னாலிருந்து யாரோ, "கந்தளாயிலயும் ஒண்டு கிடக்கு," என்றார்.

இவ்வளவு பேருக்கு என்னைத் தெரியும் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பெரியவர் வாய்விட்டுச் சிரித்தார். தமிழ் தெரிந்தவரும் சிரித்தார். பிறகு பெரியவர் சிரிப்பை நிறுத்தி, ஒரு கேள்வி கேட்டார்.

"அம்மா இவரைப் பொறுப்பெடுக்கிறதா?"

இன்னொருவருக்காக அடையாள அட்டையைப் பதிவது அந்த நாட்களில் விளையாட்டு இல்லை. நாளைக்கு என்னால் ஏதும் பிரச்சினை என்றால் அவருடைய படலைக்குத்தான் வருவார்கள். பஸ் ட்ரைவர் ஹோர்ன் அடித்தார். அக்கா என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"தம்பி, நாளைக்கு வருவியோ?"

"வருவன் அக்கா."

"பின்வேலியால போகமாட்டாய்?"

"மாட்டன் அக்கா."

அடையாள அட்டையை மேசையில் வைத்தார். "எழுதுங்கோ ஐயா. இவருக்கு நான் பொறுப்பு. மெசினுக்கு இவர் பொறுப்பு."

பையைத் திருப்பித் தரும்போது தமிழ் தெரிந்தவர் மெதுவாகச் சொன்னார்: "பெரியவர் சொல்றார், நீங்க வேற தொழில் படிக்கிறது நல்லமாம்."

சைக்கிளைப் பஸ்ஸின் மேல் ஏற்றினார்கள். அக்கா என்னைப் பக்கத்தில் இருத்தி, பாலையூற்று வரும்வரை திட்டினார். முழு பஸ்ஸும் கேட்டுக்கொண்டு வந்தது. அவர் மூச்சு விட்ட ஓர் இடைவெளியில் நான் கேட்டேன்.

"ஏன் அக்கா எனக்குப் பொறுப்பெடுத்தனீங்கள்?"

"உன்னைக் கொண்டுபோனால் மெசினை ஆர் பாக்கிறது?"

சொல்லிவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அடையாள அட்டையை இன்னும் பைக்குள் வைக்காமல் கையிலேயே இறுக்கிப் பிடித்திருந்தார்.

கதையைக் கேட்ட அத்தான், "பாத்தியோ, ஒரு பேர் போதும் எண்டு சொன்னனான்," என்றார். தோல்வி என்பது அவர் அகராதியில் இல்லை. ஆனால் நான் அன்றோடு மற்றவர் பெயரைச் சொல்வதை விட்டேன். வேலை செய்த வீடுகளுக்கெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போனேன். பூச்சாடி வீட்டுக்கும் போனேன். திட்டினார்கள், நின்று கேட்டேன், மெசினைத் திருத்திக் கொடுத்தேன். கூச்சக்காரனுக்கு அது பெரிய வசதி. திட்டுகிறவர்களிடம் நாம் எதுவும் கதைக்கத் தேவையில்லை.

பிறகு மங்களக்காவே எனக்கு ஆள் அனுப்பத் தொடங்கினார். அவருடைய பரிந்துரை எப்போதும் ஒரே மாதிரி: "நல்ல ஆள். கழட்டேக்க மட்டும் பக்கத்தில நில்லுங்கோ." இன்றைக்குக் கடைக்கு வருகிறவர்களில் அரைவாசிப் பேர் அவர் அனுப்பியவர்கள், அல்லது அவர்களுடைய பிள்ளைகள். மலருக்கு நான் சொல்லக்கூடிய ஆலோசனையும் இவ்வளவுதான்: வேலை முடிந்து ஒரு கிழமையில் திரும்பிப் போய் எப்படி இருக்கிறது என்று கேளுங்கள்.

வீட்டில் நான் எதையாவது பெருமையாகச் சொன்னால் என் மனைவி பிள்ளைகளிடம், "முகத்தைப் பாருங்கோ," என்பாள். அவ்வளவில் என் பெருமை முடிந்துவிடும். போன வருடம் மகள் ஒரு வேலைக்கு விண்ணப்பித்தாள். அவளைத் தெரிந்த இருவரின் பெயரைத் தரச் சொல்லியிருந்தார்கள்.

"அப்பா," என்றாள், "என்னை நல்லாத் திட்டுற ரெண்டு பேரைச் சொல்லுங்கோ."

சொல்ல மறந்துவிட்டேன்: சென்றியில் பிடிபட்டதற்கு அடுத்த நாள் காலையில் மங்களக்கா வீட்டுக்கு, படலையால், போனேன். கீழ்நூல் பொபின் இருக்கும் அடிப்பாகத்தை முதல் தரம் சற்றுத் திருப்பிப் பூட்டியிருந்தேன். அதைச் சரிசெய்தேன். அவர் பின்னேரத்துக்குள் மூன்று சட்டை தைத்து முடித்தார்.