ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு மாமியார்

கோயமுத்தூர்,
திங்கட்கிழமை

அன்பும் அதைவிட அதிகமாகக் கண்டிப்பும் நிறைந்த அத்தை இருதயம்மாள் அவர்களின் சமூகத்துக்கு, சட்டப்படியும் திருச்சபைப்படியும் இன்னும் உங்கள் மருமகளாகவே இருக்கும் கரோலின் தாழ்மையுடன் எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நான் இங்கே உயிரோடு இருக்கிறேன். அங்கே தாராபுரத்தில் உங்கள் முட்டிவலி, பிரஷர், கொழுந்தனார் ஜெஃபின், அவர் வளர்க்கும் நாய் எல்லாம் சுகமென்று நம்புகிறேன். போனில் பேசாமல் காகிதத்தில் எழுதுகிறாளே என்று நினைக்க வேண்டாம். உங்கள் போன் ஜெஃபின் கையில் இருக்கிறது, ஜெஃபின் என் நம்பரை பிளாக் பண்ணி வைத்திருக்கிறார். தபால்காரரை பிளாக் பண்ண இன்னும் வழி வரவில்லை.

விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். எனக்கு ஒரு மாமியார் வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் வேண்டும். படித்துவிட்டுக் கடுதாசியைக் கிழிக்காதீர்கள், முழுக்கப் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

உங்கள் மூத்த மகன் வின்ஸ்டனுக்கும் எனக்கும் என்னதான் ஆச்சு என்று கிறிஸ்துமஸுக்கு ஊரே உங்களைக் கேட்டிருக்கும். குடி இல்லை, அடி இல்லை, ஒரு வருஷமாகப் பேச்சும் இல்லை. சௌரிபாளையத்து வீட்டை ஓனர் விற்றுவிட்டுக் காலி பண்ணச் சொன்னபோது, அடுத்த வீடு பார்க்கலாமா என்று அவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. அவர் தன் பையைத் தூக்கிக்கொண்டு கணபதியில் தான் வேலை பார்க்கிற பட்டறைக்கு மேலே இருக்கிற ரூமுக்குப் போனார். நான் என் பையைத் தூக்கிக்கொண்டு சிங்காநல்லூரில் லேடீஸ் ஹாஸ்டலுக்கு வந்தேன். பிரிட்ஜை ரெண்டு பேரும் எடுக்கவில்லை, பக்கத்து வீட்டார் எடுத்துக்கொண்டார்கள். எங்கள் பிரிவு இவ்வளவுதான். ஹாஸ்டலில் என்னோடு இருக்கும் மூன்று பிள்ளைகளும் என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுகிறார்கள், நல்ல பிள்ளைகள்தான், ஆனால் போன மாதம் நான் காய்ச்சலில் அனத்திக்கொண்டு கிடந்தபோது மூன்று பேரும் காதில் மாட்டியதைக் கழற்றவே இல்லை. தண்ணீர் கேட்டுக் கேட்டு, கடைசியில் நானே எழுந்து போய்க் குடித்தேன். ஒரு நாள் இந்தக் கட்டிலிலேயே செத்துப்போனால் வாடகை பாக்கிக்குத்தான் என்னைத் தேடுவார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துபோயிற்று.

அதுகூடப் பரவாயில்லை. ஆஷ்லியை என்ன பண்ணுவது? ஹாஸ்டலில் குழந்தைகளை விடமாட்டார்கள். அரைப் பரீட்சை லீவுக்குக் குன்னூர் போர்டிங்கிலிருந்து உங்களிடம் வந்து, ஜெஃபின் வீட்டு ஹாலில் படுத்திருந்துவிட்டுப் போனாளே, திரும்ப நான் பஸ் ஏற்றிவிடும்போது கேட்டாள், "ஏம்மா, நம்ம வீடு எதும்மா?" என்று. ஒன்பது வயதுப் பிள்ளை. நான் ஒரு முட்டை பப்ஸ் வாங்கிக் கையில் கொடுத்தேன், அதுதான் நான் சொன்ன பதில். இப்போது பெரிய லீவு வருகிறது. அதற்குள் ரத்தப் பரிசோதனை லேபில் நான் வாங்குகிற சம்பளத்துக்கு எட்டுகிற மாதிரி, உள்ளிருந்து தாழ்ப்பாள் போட ஒரு கதவு வேண்டும் அத்தை. வேறே ஆசை ஒன்றும் எனக்கில்லை.

திருமூர்த்தி என்று ஒரு வீட்டுப் புரோக்கரைப் பிடித்தேன். "ஃபேமிலிங்களா, பேச்சலருங்களா?" என்று வண்டியில் இருந்தபடியே கேட்டார். கல்யாணம் ஆகிவிட்டது, ஆனால் தனியாகத்தான் இருக்கிறேன் என்றேன். ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். "ஊட்டுக்காரங்ககிட்ட ரெண்டே ரெண்டு கேள்விதானுங்க அம்மணி. இதுல நடுவால நின்னுக்கிட்டா உங்கள நான் எங்க கொண்டுபோய்ச் சேர்த்தறது? புருசன் துபாய்லன்னு சொல்லிப்போடுங்க" என்றார். சொல்லிப்போட்டேன். முதல் வீட்டுக்காரர் சென்னகேசவன் அய்யாவுக்கு அதைக் கேட்டதும் ஆனந்தமான ஆனந்தம். வீட்டைக் காட்டுவதற்கு முன்னால் மகனைக் காட்டினார். மகன் டிப்ளமோ, அவனுக்குத் துபாயில் ஒரு வேலை வேண்டுமாம். மறுநாள் விடிவதற்குள் பையனுடைய பாஸ்போர்ட், போட்டோ, மார்க் ஷீட் எல்லாம் என் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்தன. "உங்க ஊட்டுக்காரருகிட்ட ஒரு வார்த்த பேசோணுமுங்க, வீடியோ கால் போடுங்க" என்று மூன்று நாள் விடாமல் அடித்தார். இல்லாத துபாய்க்கு நான் யாரைப் போடுவேன்? அந்த வீட்டை விட்டேன், அந்தப் பையன் மட்டும் இன்னும் குட்மார்னிங் அனுப்பிக்கொண்டிருக்கிறான்.

அடுத்தது கவுண்டம்பாளையம். அங்கே இருந்த பெரியவர் உட்காரவைத்துக் காப்பி கொடுத்து, முறுக்குக் கொடுத்து, அப்புறம்தான் இல்லை என்றார். இந்த ஊரில் ஒருத்தரும் மூஞ்சியில் அடித்த மாதிரி 'இல்லை' என்று சொல்வதில்லை அத்தை, அந்த 'இல்லை'யிலும் ஒரு 'ங்க' வைத்துத்தான் சொல்வார்கள். "ஊடு உங்களுக்கு ஆகாதுங் கண்ணு, நாங்க கவுச்சி சேத்தறதில்ல. ஏனுங், லேப்லயா வேல? நாளைக்குக் காத்தால வெறும் வயித்துல இருக்கறேன், வந்து சக்கர பாத்துப்போட்டுப் போறீங்களா?" என்று சட்டைக் கையை அப்போதே மடக்க ஆரம்பித்துவிட்டார். போனேன். வேறே என்ன செய்ய, மனசு மாறினாலும் மாறுமே. சர்க்கரை முந்நூறு இருந்தது. அதை எழுதிக் கொடுத்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தைக் கோயிலில் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். என் கைக்கு அடங்குகிற வாடகையில் பீளமேட்டுப் பக்கம் ஒன்று கிடைத்தது, அங்கே சமையல்கட்டுக்குள்ளேயே கக்கூஸ், நடுவில் ஒரு பிளாஸ்டிக் திரை. "உக்காந்த எடத்துலயே குக்கர் விசில எண்ணிக்கலாமுங்க" என்றார் திருமூர்த்தி. அதற்கும் நான் சரியென்று தலையாட்டினேன் அத்தை, அவ்வளவு தூரம் இறங்கிவிட்டேன். தனியாள் என்று தெரிந்ததும் அதையும் தரமாட்டேன் என்றுவிட்டார்கள். கக்கூஸிலே சமைக்கக்கூட இந்த ஊரில் ஒரு புருஷன் வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு ஒரு பேக்கரியில் நின்று தேங்காய் பன் தின்றுகொண்டே அழுதுவிட்டேன். திருமூர்த்தி டீயைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார். "உங்கம்மா இருக்கறாங்களா அம்மணி?" செத்துப்போய்விட்டார்கள் என்றேன். "நல்லதாப் போச்சுங்க" என்றார். நான் முறைத்ததும், "தப்பா எடுத்துக்காதீங்க. பொண்ணுகூட அவுங்கம்மா இருந்தா, புருசனோட சண்டைன்னு ஊட்டுக்காரங்க மோப்பம் புடிச்சுப்போடுவாங்க. மாமியாக்காரி கூட இருந்தா ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. புருசன உட்டுப்போட்டு மாமியாளக் கூட்டிக்கிட்டு வர்ற பொம்பள எங்கீங்க இருக்கறா?" என்றார். யோசித்துப் பார்த்தேன். அந்த மனுஷன் சொன்னது அத்தனையும் நியாயம்.

அப்படித்தான் புலியகுளம் வீட்டுக்குப் போனோம். மாடியில் ஒரு பெட்ரூம், ஹால், தனிச் சமையல்கட்டு, கக்கூஸ் கக்கூஸாகவே தனியாக இருக்கிறது. அந்தோணியார் கோயில் மணி ஜன்னல் வழியாகக் கேட்கிறது. வீட்டுக்காரர் நரசிம்மலு, மில்லில் இருந்து ரிட்டையர் ஆனவர், அவர் சம்சாரம் வெங்கடலட்சுமி. மகனும் மருமகளும் பெங்களூரில் இருக்கிறார்களாம், வருஷத்துக்கு ஒரு தரம் வந்தால் பெரிசாம். புருஷன் வேலையாக வெளியூரில், நானும் என் மாமியாரும்தான் இருப்போம் என்று சொன்னேன். வெங்கடலட்சுமியம்மா வாடகையைப் பற்றிப் பேசவே இல்லை, உங்களைப் பற்றித்தான் கேட்டார். "சத்தம் போடுவாங்களாம்மா?" சத்தமே வராது, இருக்கிற இடம் தெரியாது என்றேன், மாதா என்னை மன்னிப்பாளாக. "சமையல்ல குத்தஞ் சொல்லுவாங்களா?" நான் எதை வைத்தாலும் ஜெபம் பண்ணிவிட்டு ருசித்துச் சாப்பிடுவார்கள் என்றேன். என் மீன்குழம்பைப் பற்றி ஜெஃபின் கல்யாணத்தில் பந்தி முழுக்கக் கேட்கிற மாதிரி நீங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை, ஆனாலும் அப்படித்தான் சொன்னேன். சொல்லிக்கொண்டே வந்தவள், ஆஷ்லி பிறந்து எனக்கு ஜன்னி கண்டபோது ஆஸ்பத்திரி வராண்டாவில் பாய் விரித்துப் படுத்து, நர்ஸோடு சண்டை போட்டு, சிக்கு விழுந்த என் தலையைத் தினமும் நீங்களே உட்கார்ந்து வாரிவிட்டீர்களே, அதையும் சொல்லிவிட்டேன். பொய் சொன்னபோது வராத அழுகை அதைச் சொன்னபோது வந்து தொலைத்தது. வெங்கடலட்சுமியம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நரசிம்மலு அய்யா, "அட்வான்ஸ் இப்ப வேண்டாமுங்க அம்மணி. ஞாயித்துக்கெழம உங்க மாமியாரக் கூட்டிட்டு வந்து பாலக் காய்ச்சிப்போடுங்க. மொகத்தப் பாத்துட்டுச் சாவி தர்றேன்" என்றார்.

ஆகையால் அத்தை, சனிக்கிழமை பஸ் ஏறி வந்துவிடுங்கள். உங்களுக்குக் கட்டில் வாங்கிப் போடுகிறேன். முட்டிக்குத் தைலம் தேய்த்துவிடுகிறேன். பூசைக்கு நடந்தே போகலாம். ஆஷ்லி லீவு முடிகிற வரைக்குமாவது இருங்கள். வந்த முதல் நாள் மட்டும் சத்தம் போடாமல் இருந்தால் புண்ணியமாகப் போகும். உங்கள் மகனை எனக்குத் திருப்பித் தரச் சொல்லி நான் கேட்கவில்லை. நீங்கள் வந்தால் போதும்.

ஜெஃபினுக்கும் அவர் வீட்டாருக்கும், நாய்க்கும்கூட என் விசாரிப்பைச் சொல்லவும். உங்கள் முட்டிக்கு அந்தோணியார் பலம் தரட்டும், உங்கள் மனசுக்கு இரக்கம் தரட்டும்.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்டுக்கொள்ளும்,
கரோலின்

பி.கு.: செவ்வாய்க்கிழமை. கடுதாசியைக் கவரில் போட்டுக்கொண்டு தபாலாபீசுக்குக் கிளம்பும்போது நரசிம்மலு அய்யா போன் பண்ணினார். "அம்மணி, மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க, ஊடு ஆயிப்போச்சுங்க. நீங்க மாமியாரு வாராங்க வாராங்கன்னீங்க, இன்னொருத்தரு அவுங்கம்மாவக் கையோட கூட்டிக்கிட்டே வந்துட்டாருங்க. தாராபுரத்தம்மா. பையன் பட்டறைல சூப்பர்வைசருங்க. உங்க மாமியாராட்ட சாதுவெல்லாம் இல்லீங்க, வந்ததும் வராததுமா கொழாயத் திருப்பிப் பாத்துட்டு, ஏன் ஒழுகுதுன்னு என்னையவே புடிச்சுக்கிட்டாங்க. எங்கூட்டுக்காரிக்கு ரொம்பப் புடிச்சுப்போச்சு. மருமக ஞாயித்துக்கெழம வந்து பால் காய்ச்சுமாமுங்க. அந்தப் புள்ள பேரும் கரோலின்தானாமா. உங்க ஆளுகள்ல நெறயாப் பேரு இந்தப் பேர வெப்பாங்களாட்ட இருக்குது" என்றார். ஆமாங்க, நிறையப் பேர் வைப்பார்கள் என்றேன்.

திருமூர்த்தியைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். "அவரும் தனியாளுன்னு வந்து நின்னாருங்க, உங்களுக்குச் சொன்ன ரோசனையத்தான் அவருக்கும் சொன்னேன். ஆம்பளைக்கு அம்மா கூட இருந்தாத் தப்பில்லீங்களே அம்மணி" என்றார்.

ஆகவே மேலே எழுதியதையெல்லாம் ரத்து செய்கிறேன் அத்தை. நீங்கள் எங்கேயும் வர வேண்டாம், நான் வருகிறேன். மருமகள் வருவாள் என்று நீங்கள் வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள், அதை நான் பொய்யாக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் பாலும் பையுமாக மாடி ஏறி வருவேன். வெங்கடலட்சுமியம்மாவுக்கு என் முகம் தெரியும், ஆகவே யார் எதை மறைத்தோம் என்று அங்கேயே வைத்துப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம். பேசித் தீராவிட்டால் நம் மூன்று பேருக்குமே வீடு இல்லை. தீர்ந்துவிட்டால், பெட்ரூமில் நீங்களும் நானும் ஆஷ்லியும் படுத்துக்கொள்வோம். உங்கள் மகனுக்கு வீடு வேண்டுமென்றால், புரோக்கர் நம்பர் அவரிடமே இருக்கிறது.