மயிலிறகின் கை தவறிய நாள்

மயிலிறகு தன் வாழ்நாளில் எந்த மனிதனின் கன்னத்திலும் ஒரு சொட்டு ரத்தம் வரவழைத்ததில்லை. இதைச் சொன்னது நானல்ல. கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயா பஜார் முழுக்கச் சொல்லும். பஜார் சொல்ல மறந்த நாட்களில் அவரே சொல்வார், தலைக்கு ஒரு தடவை வீதம்.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. கம்பளை வீதியில் மூன்று கதிரை போட்ட சலூன், ஒரு பெரிய கண்ணாடி, ஒரு சவரக்கத்தி, அறுபதை நெருங்கிய ஒரு ஒல்லி மனிதர், அவ்வளவுதான். கத்தி முகத்தில் நடப்பது தெரியாது என்பதால் மயிலிறகு.

புடவைக்கடை ஹாஜியார் ஒரு நாள் சவரத்துக்கு உட்கார்ந்து கண்ணயர்ந்துவிட்டார். விழித்தவர் பொறுமையிழந்து, "எப்பதான் தொடங்கப் போறீங்க? கடையில ஆள் நிக்கும்" என்றார். "முடிஞ்சு அரை மணித்தியாலம் ஆச்சு ஹாஜியார். கடைக்குப் போங்க" என்றார் மயிலிறகு. இன்னொரு நாள் பிரேக் பிடிக்காத பஸ் ஒன்று சலூன் வாசல் தூணில் வந்து மோதியது. கண்ணாடி ஆடியது, கூரைத் தகரம் விழுந்தது, காத்திருந்தவர்கள் தெருவுக்கு ஓடினார்கள். கதிரையில் இருந்தவருக்கு அப்போதுதான் தொண்டைக்குழிப் பக்கம் சவரம் நடந்துகொண்டிருந்தது. ஒரு கீறல் கிடையாது. "பஸ்ஸுக்குத்தான் கை நடுங்கிச்சு" என்றார்.

வெட்டுக்காயத்தில் தடவும் படிகாரக் கட்டியைக் கடையில் வைத்துக்கொள்ள மாட்டார். கேட்டால் கோபம் வரும். "படிகாரம் வச்சிருக்கறவன் வெட்டத் தயாரா இருக்கான்னு அர்த்தம். எதிர்க்கடையில இருக்கு, அங்க போங்க!" எதிர்க்கடை சலூன்காரருக்கும் இவருக்கும் ஆகாது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிப்பட்டவரின் கையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, என் முகத்தில் ரத்தம் வந்தது.

நான் அப்போது பக்கத்துப் பாடசாலை ஒன்றில் மாஸ்டர். வயது முப்பத்தொன்று. அன்றைக்குத் தெல்தோட்டைக்குப் பெண் பார்க்கப் போக வேண்டும். சலூன் வாசலில் வேன் நிற்கிறது. உள்ளே பழத்தட்டு, பலகாரத்தட்டு, என் அம்மா, இரண்டு சித்திமார். வெளியே என் தாய்மாமா. தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். மெதுவாகப் பேசினாலே அடுத்த மலைக்குக் கேட்கும். பத்தரைக்குள் பெண் வீட்டுப் படியேற வேண்டும் என்று அரை மணித்தியாலமாகக் கத்திக்கொண்டிருந்தார்.

எனக்கு மூன்று வாரமாகவே உடம்பு சரியில்லை. பாடசாலைப் படி ஏறினால் பாதியில் நின்று மூச்சு வாங்கும். காய்ச்சல் வரும், குளிசை போட்டால் போகும், மறுபடி வரும். தொடையில் நீலமாகக் கன்றியிருந்தது. மேசையில் இடித்திருப்பேன் என்று விட்டுவிட்டேன். காற்சட்டை இடுப்பில் தொளதொளத்ததில் எனக்கு உள்ளூரச் சந்தோஷம், பெண் பார்க்கிற நேரத்தில் தொப்பை குறைகிறதே என்று. மடையன்!

வெள்ளை நுரையில் சிவப்பைக் கண்டதும் மயிலிறகின் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. காத்திருந்த மூன்று பேரும் எழுந்து வந்து பார்த்தார்கள். ஹாஜியாரும் அதில் ஒருவர். "அல்லாவே! மயிலிறகு வெட்டிட்டார்!" என்றார், கிரகணம் பார்த்தவர் போல.

"பேசாம இருங்க ஹாஜியார்." மயிலிறகு என் முகத்தைக் கழுவினார். துடைத்தார். வெளிச்சத்துக்குத் திருப்பினார். கைக்கண்ணாடியை என்னிடம் கொடுத்து, "எங்க வெட்டு? நீங்களே காட்டுங்க மாஸ்டர்" என்றார். நான் தேடினேன். வெட்டு இல்லை. வாயோரத்தில் மட்டும் ரத்தம் மெல்ல வந்துகொண்டிருந்தது.

"வாயத் தொறங்க."

உதட்டை விரலால் மடக்கினார். ஈறு வீங்கி, பல்லைச் சுற்றி ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அடுத்து என் காலரை இழுத்துப் பார்த்தார். கழுத்தில் கடுகு தூவியது போலச் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். ஒன்றை விரலால் அழுத்தினார். வேர்க்குரு என்றால் அழுத்தினால் வெளுக்குமாம். இது வெளுக்கவில்லை.

"படி ஏறினா மூச்சு வாங்குதா? காய்ச்சல் விட்டு விட்டு வருதா? அடிபடாமலே எங்கயாச்சும் கன்னிப்போயிருக்கா?"

மூன்றுக்கும் தலையாட்டினேன். மயிலிறகு கத்தியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வாசலுக்குப் போனார். "வேன் தெல்தோட்டைக்குப் போகாது. கண்டி பெரியாஸ்பத்திரிக்குப் போகுது."

மாமாவுக்கு வந்ததே கோபம்! "யோவ், மாப்பிள்ளை மூஞ்சிய அறுத்துட்டு ஆஸ்பத்திரிக் கதையா பேசுற? நல்ல நேரம் போகுதுய்யா!"

"நேரம் நல்லா இருக்கறதாலதான் ரத்தம் வெளிய வந்து சொல்லியிருக்கு. ஏறுங்க."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். பெயர் கெட்டுப் போகாமல் இருக்க மனிதன் எவ்வளவு தூரம் போகிறான் பார் என்று. எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆனால் மயிலிறகு வேன் சாவியைப் பிடுங்கிக் கத்தியோடு சேர்த்து வைத்துக்கொண்டதால் வேறு வழியில்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து சாரதியிடம் சாவியைக் கொடுத்தார், தோளில் சலூன் துவாயோடு.

பேராதனைப் பாலம் வரை மாமா ஏசிக்கொண்டே வந்தார். பாலம் தாண்டியதும் மயிலிறகு திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"எனக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சுங்க. கட்டிக் குடுத்து ஆறு மாசம். ஒரு நாள் பாத்தா கை, தொடையெல்லாம் நீலம் நீலமா கன்னிப்போயிருக்கு. புருஷன் அடிக்கிறான்னு முடிவு கட்டிட்டோம். அவ இல்லைங்கறா, நாங்க நம்பல. நானும் அண்ணனும் போயி அந்த ஆள லயத்து வீட்டு வாசல்ல போட்டு மிதிச்சோம். 'நான் தொடலங்க, சத்தியமா தொடலங்க'ன்னு அழுதான். ரெண்டு கிழமைல அவளுக்குக் காய்ச்சல். கண்டிக்குக் கொண்டு வந்தோம். ரத்தப் புத்துநோய்னாங்க. பத்து நாள்தான் இருந்தா."

அம்மா என் காலரை விலக்கிக் கழுத்தைப் பார்த்தாள்.

"டொக்டர் எனக்குப் புரியிற மாதிரி சொன்னாருங்க. எலும்புக்குள்ள மச்சைன்னு இருக்காம், அதுலதான் ரத்தம் உண்டாகுதாம். தேயிலைக்கு இடமில்லாம களை மண்டிப் போற மாதிரி, அதுக்குள்ள கெட்ட அணு பெருகிடுமாம். நல்ல ரத்தம் குறைஞ்சா களைப்பு. கிருமியோட சண்டை போடறது குறைஞ்சா காய்ச்சல். உறைய வைக்கிறது குறைஞ்சா இந்த நீலம், இந்தப் புள்ளி, ஈறுல ரத்தம். யார் குத்தம் டொக்டர்னு கேட்டேன். சில மருந்து, சில கதிர்வீச்சு பட்டவங்களுக்குக் கூடுதலா வரலாமாம். மத்தபடி ஏன் வருதுன்னே முக்காவாசிப் பேருக்குத் தெரியாதாம். ஒட்டுற நோயும் இல்ல. யார் குத்தமும் இல்லன்னாரு." தோள் துவாயை எடுத்து மடித்தார். "யார் குத்தமும் இல்லன்னா, நான் மிதிச்ச மிதி யாருக்குங்க?"

மாமா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்தார்கள். அன்றைக்கே வார்டில் போட்டார்கள். அடுத்த நாள் எலும்பு மச்சையிலும் ஊசி போட்டு எடுத்துப் பார்த்து, ரத்தப் புற்றுநோய்தான் என்றார்கள். ஆனால் மருந்துக்கு மடங்குகிற வகை. இன்னும் ஒரு கிழமை போயிருந்தால் மூளையில் ரத்தம் கசிந்திருக்கும் என்றார் டொக்டர். "எந்த டொக்டர் அனுப்பினது?" என்று கேட்டார்.

"சலூன் டொக்டருங்க" என்றார் மாமா.

விஷயம் விளங்கியதும் டொக்டர் வெளியே வந்து, முந்தின நாளிலிருந்து வீட்டுக்குப் போகாமல் நின்ற மயிலிறகின் கையைப் பிடித்துக் குலுக்கினார். மயிலிறகு அந்தக் கையை என்ன செய்வது என்று தெரியாமல் துவாயில் துடைத்துக்கொண்டார்.

கெலிஓயா வாயைப் பிளந்தது. அதற்குப் பிறகு சில நாட்கள் சலூனில் சவரத்தை விடப் பரிசோதனைதான் அதிகம். நுளம்பு கடித்தவனெல்லாம் கழுத்தைக் காட்டிக்கொண்டு வரிசையில் நின்றான். ஹாஜியார் வந்து சிவந்த வாயைத் திறந்து, "பாருங்க, ஈறுல ரத்தம்" என்றார். "வெத்திலையத் துப்பிட்டு வாங்க" என்றார் மயிலிறகு.

இதோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டிய அவசியம் இல்லை.

நான் மொட்டைத் தலையோடு வார்டில் கிடந்தபோது, ஊர் வாய் தெல்தோட்டைப் பக்கம் திரும்பியது. பெண் பார்க்கக் கிளம்பின அன்றைக்கே மாப்பிள்ளைக்கு வாயால் ரத்தம் என்றால் என்ன அர்த்தம்? பெண்ணுக்கு ராசியில்லை! பேச வந்த இன்னும் இரண்டு இடம் திரும்பிப் போனது. அந்தப் பெண் வெளியே தலைகாட்டுவதையே நிறுத்திவிட்டாளாம். அவளுடைய அப்பா தாங்க முடியாமல் ஒரு நாள் கெலிஓயாவுக்கு வந்து சலூன் வாங்குப் பலகையில் உட்கார்ந்தார். அப்போது அங்கிருந்த ஹாஜியார்தான் நடந்ததைப் பிறகு எனக்குச் சொன்னார்.

"எம் மகளாலதான் அந்த மாஸ்டருக்கு இப்படி ஆச்சுங்கறாங்க. நீங்கதான் கூட இருந்தீங்களாம். நெசமாங்க?" என்று கேட்டு அந்த மனிதர் அழுதிருக்கிறார்.

மயிலிறகு கத்தியைக் கீழே வைத்துவிட்டு மச்சை, களை, அணு எல்லாவற்றையும் விளக்கினார். யாராலும் வருவதில்லை என்றார். சலூனில் ஒருவரும் ஏற்கவில்லை. "காரணம் இல்லாம ஒரு நோய் வருத்தம் வருமா? என்னமோ இருக்கு" என்றார்கள். பெண்ணின் அப்பா தலையைக் குனிந்துகொண்டு எழுந்தார்.

"நில்லுங்க" என்றார் மயிலிறகு. "காரணம் இருக்கு. நான்தான். அன்னைக்கு என் கை தவறிச்சு. கத்தி ஆழமாப் பட்டுடுச்சு. அதுலதான் ரத்தம் கெட்டுப்போச்சு."

காத்திருந்தவர்கள் எழுந்து நின்றார்கள்.

"அப்ப எம் மக...?"

"உங்க மக அன்னைக்குத் தெல்தோட்டையில வீட்டுக்குள்ள. நான் இங்க கத்தியோட. யாரு செஞ்சிருப்பா? நீங்களே சொல்லுங்க."

மச்சையை நம்பாத கெலிஓயா இதை உடனே நம்பியது. ஒரு கிழமைக்குள் மூன்று கதிரையும் காலி. எதிர்க்கடையில் இடமில்லாமல் ஆட்கள் தெருவில் நின்றார்கள். மயிலிறகு என்ற பெயர் போய் விஷக்கத்தி என்ற பெயர் வந்தது. பிள்ளைகளுக்கு முடி வெட்டிக் காலம் தள்ளினார். பெரியவர்கள் முகம் கொடுக்கவில்லை.

எட்டு மாதம் கழித்து நான் பிழைத்து வந்து விஷயம் கேள்விப்பட்டதும் நேரே அவரிடம் போய்ச் சண்டை பிடித்தேன். "பொய் சொல்ல உங்களுக்கு யார் உரிமை குடுத்தது? இப்பவே பஜாருக்கு நடுவுல நின்னு உண்மையச் சொல்லப் போறேன்!"

"சொல்லுங்க. நாளைக்கே அந்தப் பொண்ணு மேல திரும்பப் போடுவாங்க" என்றார். "ஊருக்குப் பழி போட ஒரு ஆள் வேணும் மாஸ்டர். அந்தப் புள்ளைக்கு இன்னும் வாழ வேண்டிய வயசு. நான் பாதி உலகத்துக்குச் சவரம் பண்ணி முடிச்சவன். உங்க மாமாகிட்டயும் சத்தியம் வாங்கிட்டேன். வாயத் தொறந்தீங்க, அப்புறம் என் கதிரைல உக்கார விடமாட்டேன்."

அதற்குப் பயந்தே நான் வாய் திறக்கவில்லை. கிழமைக்கு இரண்டு நாள் அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன், அவர் கடையை மூடும் வரை, பல நாள் நான் ஒருவன் மட்டும். பெண் வீடும் எங்கள் வீடும் அதற்குப் பிறகு பேசிக்கொள்ளவில்லை. அந்தப் பெண்ணுக்கு மாத்தளையில் கல்யாணமாகி, பிள்ளைகள் இருப்பதாகக் கேள்வி. அவளை நான் பார்த்ததே இல்லை. மயிலிறகும் கடைசி வரை பார்த்ததில்லை.

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இனி எந்தக் கதிரையிலிருந்து என்னை இறக்கிவிடப் போகிறார்? கெலிஓயாக்காரர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். அன்றைக்குக் கைக்கண்ணாடி என்னிடம்தான் இருந்தது. என் முகத்தில் வெட்டு இல்லை. கத்தியாலோ, ஒரு பெண்ணின் ராசியாலோ அந்த நோய் வராது. அந்த மனிதரின் கை தவறியது என்று இனிமேல் யாராவது என் காதுபடச் சொன்னால், இந்த வயதிலும் எனக்குப் பொல்லாத கோபம் வரும். என்னை இத்தனை வருஷம் உயிரோடு பிடித்து வைத்திருப்பது அந்தக் கைதான்.