டெல்பர்ட் பெயரில் ஒரு ஸ்டேஷன் வேகன்

இந்த முறை வெர்னாவிடம் கேட்பதில்லை என்று ஆர்வில் லிண்ட்கிரென் முடிவு செய்தார். கல்யாணமான பிறகு அவர் சொந்தமாக எடுத்த முதல் முடிவு அது. எடுத்து முடித்ததும் கொஞ்சம் மூச்சு வாங்கியது.

எல்லாம் மிஸஸ் ஹாகனின் வைக்கோல் கொட்டகையால் வந்த வினை. பழைய கதவு ஒன்று வாங்கத்தான் அங்கே போனார். கதவுக்குப் பின்னால் ஒரு தார்ப்பாய். தார்ப்பாய்க்கு அடியில், முன்பக்கம் மினசோட்டாவிலும் பின்பக்கம் அடுத்த மாநிலமான அயோவாவிலும் நிற்கிற நீளத்துக்கு, ஒரு ஸ்டேஷன் வேகன், குடும்பத்தோடு ஊர் சுற்றுகிற அந்தக் காலத்துக் கார். இரண்டு பக்கமும் மரப்பலகை மாதிரி அச்சடித்த தகடு. கடைசியில், பின்பக்கம் பார்த்து உட்காருகிற அந்த ஆசனம்.

ஆர்வில் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் மோவாயில் இடித்தது. அதைப் பற்றி அவருக்கென்ன கவலை? அவர் அப்போது ஒன்பது வயதுப் பையன். முன்னால் அப்பா ஒரு முழங்கையை வெளியே நீட்டிக்கொண்டு ஓட்டுகிறார். அம்மா மெழுகுத்தாளில் சுற்றிய ஹாம் சாண்ட்விச்சைப் பின்னால் கடத்துகிறாள். அது நாலு தம்பிகளைத் தாண்டி வருவதற்குள் வெறும் மெழுகுத்தாளாகிவிடுகிறது. பின்னால் வரும் லாரிக்காரனுக்கு இவர் பழிப்புக் காட்டுகிறார். அவனும் திருப்பிக் காட்டுகிறான்.

கதவை மறந்துவிட்டு வண்டியைப் பேசி முடித்தார்.

இடைஞ்சல் ஒன்றே ஒன்றுதான். வீட்டு வாசலில் ஏற்கெனவே ஒரு பிக்கப், ஒரு வேன், பனியில் ஓட்டுகிற வண்டி, மீன்பிடிக்கிற படகு எல்லாம் நின்றன. போன ஈஸ்டருக்குப் புல் வெட்டுகிற டிராக்டர் ஒன்றையும் அவர் ஓட்டிக்கொண்டு வந்தபோது வெர்னா வாசற்படியில் நின்று சொல்லிவிட்டாள்: "இனிமே சக்கரம் வச்ச எதுவும் இந்த வாசலுக்குள்ள வரக்கூடாது."

அதனால் பக்கத்து வீட்டு டெல்பர்ட்டிடம் போனார். டெல்பர்ட் பிரம்மச்சாரி. ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டை வைத்து வெர்னா அவ்வப்போது சுட்டுக் கொண்டுவந்து கொடுக்கிற 'பை' பலகாரத்தில்தான் அவர் வாழ்க்கை ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்குடா என் பேர்ல வாங்கணும்?"

"என் பேர்ல வாங்கினா வண்டிக் காகிதமெல்லாம் தபால்ல என் வீட்டுக்கு வரும். தபாலை எடுக்கிறது யாரு?"

"வெர்னா."

"புரியுதுல்ல? வண்டி உன்னுதுன்னு சொல்லு. உன் ஷெட்ல நிக்கட்டும். பனி விழறதுக்கு முன்னால உனக்கு இடுப்பு வலி வருது."

"எனக்கா? எப்ப?"

"அக்டோபர்ல. 'என்னால இதை வச்சுப் பாத்துக்க முடியல, நீங்களே எடுத்துக்கோங்க'ன்னு வெர்னாகிட்ட கெஞ்சற. அவளுக்கு இரக்க சுபாவம்."

"யாருக்கு, வெர்னாவுக்கா?"

"உன்மேலடா. என்மேல இல்ல."

டெல்பர்ட் தலையைச் சொறிந்தார். கடைசியில் சம்மதித்தார்.

வண்டி வந்த அன்றே வெர்னா வேலியோரம் வந்து நின்றாள்.

"டெல்பர்ட், இது என்ன?"

"வண்டி."

"அது தெரியுது. யாரோடது?"

டெல்பர்ட் ஆர்விலைப் பார்த்தார். ஆர்வில் மேகத்தைப் பார்த்தார். "என்னுதுதான்," என்றார் டெல்பர்ட், திருட்டை ஒப்புக்கொள்கிற குரலில்.

வெர்னா வண்டியை மெதுவாகச் சுற்றி வந்தாள். பக்கத்துத் தகட்டில் உள்ளங்கையை வைத்து, கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. "எங்க வீட்லயும் இப்படி ஒண்ணு இருந்துது. பச்சை. எங்க மூணு பேரையும் பின்னால தள்ளிட்டு அப்பா ஊர் ஊரா ஓட்டுவாரு," என்றாள். அப்புறம் புருஷன் பக்கம் திரும்பினாள். "உனக்கும் பொருத்தமா இருந்திருக்கும், ஆர்வில்."

"ஏன்?"

"மரத்துக்கு மரம்."

ஆர்வில் விழுந்து விழுந்து சிரித்தார். தன்னையும் வண்டியையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிட்டாளே. பாதி ஜெயித்தாயிற்று. மிச்சத்தை அக்டோபர் பார்த்துக்கொள்ளும்.

அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை, ஆணி வாங்கிக்கொண்டு அவர் வீடு திரும்பினால், வாசலில், அவருடைய சொந்த வாசலில், ஸ்டேஷன் வேகன் மினுமினுவென்று நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையில் வெர்னா. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டிருந்தாள். கன்னமெல்லாம் சிவந்து இருபது வயதுப் பெண் மாதிரி இருந்தாள்.

ஆர்விலுக்குத் தலைகால் புரியவில்லை. "டெல்பர்ட்டுக்கு அதுக்குள்ள இடுப்பு வலி வந்துருச்சா?" என்று கேட்டுவிட்டார்.

"இடுப்புக்கென்ன? நல்லாத்தான் இருக்கு. இப்பத்தான் தனியாளா படகை இழுத்துட்டுப் போனாரு."

"எந்தப் படகை?"

"நம்ம வீட்ல எத்தனை படகு இருக்கு?"

ஆர்வில் திரும்பிப் பார்த்தார். படகு நின்ற இடத்தில், படகு வடிவத்தில், மஞ்சளாகக் கொஞ்சம் புல் இருந்தது.

"வண்டிக்குப் படகு. ரெண்டு பேருக்கும் சந்தோஷம். பேரைக்கூட மாத்தியாச்சு, இப்ப இது என் வண்டி," என்றாள் வெர்னா.

"சக்கரம் வச்ச எதுவும் வரக்கூடாதுன்னு நீதானே சொன்ன?"

"படகு நின்ன ட்ரெய்லருக்கும் சக்கரம்தான். ஒண்ணு போச்சு, ஒண்ணு வந்துது. மீன் நாத்தமும் போச்சு."

ஆர்வில் வேலியைத் தாண்டி ஓடினார். டெல்பர்ட் தன் புல்வெளி நடுவே, படகுக்குள், உயிர்காப்பு அங்கி மாட்டிக்கொண்டு பீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"ஏண்டா, உன்னுது இல்லாத வண்டியை எப்படிடா குடுத்த?"

"என்னுதுன்னு சொல்லச் சொன்னது நீ. சொன்னேன். படகு தரேன், வண்டி தரீங்களான்னு வெர்னா கேட்டா. மாட்டேன்னு சொல்லலாம்னுதான் பாத்தேன். வாய் நிறைய அவ குடுத்த ருபார்ப் பை இருந்துது."

"திருப்பிக் குடுத்துடு."

"குடுக்கறேன். ஏன்னு வெர்னா கேப்பா. நான் சொல்லவா, நீ சொல்றியா?"

ஆர்வில் கையிலிருந்த ஆணிப் பொட்டலத்தைப் புல்லில் போட்டார். டெல்பர்ட்டுக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. "நாளைக்கு மீன் பிடிக்கப் போறேன். வரியா? உனக்கும் இடம் இருக்கு," என்றார்.

அவருடைய படகில் அவருக்கே இடம் இருக்கிறதாம். அதற்கு மேல் ஆர்விலால் தாங்க முடியவில்லை. வந்தது வரட்டும் என்று வீட்டுக்கு வந்தார். வெர்னாவின் அக்காவும் தங்கையும் அதற்குள் வந்து, பெட்டிகளையும் ஐஸ் டப்பாவையும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மூன்று பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள், ஒரே நேரத்தில் சிரித்தார்கள். பெரிய ஏரிவரைக்கும் பயணமாம். பின்பக்கம் பார்த்த ஆசனம் யாருக்கு என்று அறுபது வயதுப் பெண்கள் இருவர் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஆர்வில் ஓட்டுநர் ஜன்னலோரம் குனிந்தார். "வெர்னா, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். அது டெல்பர்ட் வண்டி இல்ல. என் வண்டி. நான்தான் வாங்கினேன்."

"தெரியும்."

"தெரியுமா? எப்படி?"

"டெல்பர்ட் வண்டி வாங்கினதுக்கு நீ எதுக்கு ரெண்டு மாசமா பாட்டுப் பாடிட்டே பாத்திரம் கழுவற?"

"தெரிஞ்சுமா என் படகைக் குடுத்த?"

வெர்னா சாவியைத் திருகினாள். வண்டி கம்பீரமாக உறுமியது.

"நிஜமாவே அது டெல்பர்ட் வண்டியா இருந்திருந்தா," என்றாள், "என் பணத்தைக் குடுத்துத்தானே வாங்கியிருப்பேன்."