அவசரத்துக்கு மூன்று விகுதிகள்

உலகில் உருப்படியாக நடக்கும் அலுவலகம் ஒன்றே ஒன்றுதான். அதற்கு நான் தலைவன். இடோ, இத்தாலியம், ஸ்பானியம் ஆகிய மொழிகளில் பெயர்ச்சொல்லை உண்டாக்கும் விகுதிகளை ஒப்பிட்டு அகராதி செய்வது எங்கள் "திருப்பணி". இடோ என்பது, நாடுகளுக்குள் மொழிச் சண்டை வேண்டாமென்று அறிஞர்கள் கூடி உருவாக்கிய மொழி. அதை வைத்து நாங்கள் தினமும் சண்டை போடுகிறோம்.

எங்களிடம் ஓர் உன்னத விதி உண்டு. எந்தக் காகிதம் வந்தாலும், அதிலுள்ள முக்கியமான சொல்லுக்கு அகராதியில் மூன்று மொழிப் பத்தியும் நிரம்பிய பிறகே நான் கையெழுத்திடுவேன். தண்ணீர்க் குழாய் உடைந்த புகாரில் மட்டும் பதினோரு சொற்கள் தேறின. குழாய் இன்னும் ஒழுகுகிறது.

புதன்கிழமை காலை எங்கள் தட்டச்சர் விடுப்புக் கடிதத்தோடு வந்து நின்றார்.

"சார், பதினோரு மணிக்கு அம்மாவுக்கு ஆபரேஷன். சொந்தக்காரங்க கையெழுத்துப் போட்டாத்தான் உள்ள கொண்டு போவாங்களாம். நான் ஒரே பொண்ணு. அவசரம் சார்."

"அவசரமா? அருமையான சொல்லாச்சே!" என்று உடனே குழுவைக் கூட்டினேன்.

இத்தாலியப் பத்திக்காரர் "-என்ட்ஸா" என்றார். ஸ்பானியப் பத்திக்காரர் "-என்சியா" என்றார். ஐந்தே நிமிடம். இடோப் பத்திக்கு இருவர்; அங்கேதான் வந்தது வினை.

"தன்மையைச் சொல்ற '-எசோ'தான் சரி," என்றார் முதலாமவர்.

"அதெப்படி? அந்தம்மா வந்ததுலேருந்து அவசரம் அவசரம்னு நிக்கிறாங்க. தொடர்ந்து நடக்குற செயல். '-அடோ'தான்!" என்றார் இரண்டாமவர்.

"சார், மணி பத்தே முக்கால்," என்றார் தட்டச்சர்.

"பாத்தீங்களா, இன்னும் தொடருது!"

வாக்கெடுப்பு சரிசமமாக முடிந்தது. துணைக்குழு அமைத்தோம். துணைக்குழுவுக்குத் தேநீர் வந்தபோது தட்டச்சரின் கைபேசி அடித்தது. அம்மாவின் குரல் எங்களுக்கே கேட்டது.

"எங்க இருக்கேம்மா? கையெழுத்துப் போட ஆளில்லன்னு வேற ஒருத்தரை உள்ள கூட்டிட்டுப் போயிட்டாங்க. எனக்கு அடுத்த வாரமாம். வலி தாங்கல..."

தட்டச்சர் அழவில்லை. மேசையிலிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார்.

"நான் போறேன் சார். நீங்க நிதானமா முடிவு பண்ணுங்க."

எனக்குக் கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. ஆனால் உறுத்தல் நிகழ்ச்சி நிரலில் இல்லை.

நிர்வாகம் என்றால் கடமை தவறக்கூடாது. "அனுமதியின்றி வெளியேறியமைக்கு" விளக்கம் கேட்டு, தட்டச்சர் இல்லாததால் நானே கைப்படக் குறிப்பாணை எழுதி, நின்றபடியே கையெழுத்திட்டேன். விகுதி என்னவென்று ஒருவரும் கேட்கவில்லை. ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.