பத்து பங்கு மாப்பிள்ளை

மதிப்புக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன். படித்துவிட்டுத் தாங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் அங்கே வருகிறேன். மாடியில் பழைய சாமான் போட்டுவைத்திருக்கும் அறையை ஒழித்துக் கொடுத்தால் போதும். சுவருக்கு எந்த வண்ணமும் அடிக்க வேண்டாம்.

பஸ் பணிமனையில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவன் நான். காலை ஏழு மணிக்குப் போனால் பொழுது சாய்ந்துதான் வீடு. பகலில் எங்கள் ஹால் எப்படி இருக்கும் என்பதையே ஓய்வு பெற்ற பிறகுதான் பார்த்தேன். அதே மாதம் தங்கள் தங்கை வீட்டு அலங்கார வகுப்பில் சேர்ந்து, வட்டமாக ஒரு அட்டையை வாங்கி வந்தாள். பெயர் வண்ணச் சக்கரமாம். எதிரெதிர் நிறங்கள் சேர்ந்தால் எடுப்பு, பக்கத்துப் பக்கத்து நிறங்கள் சேர்ந்தால் அமைதி என்றாள். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் எதிரெதிரேதான், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அப்புறம் அறுபது பங்கு ஒரு நிறம், முப்பது பங்கு இன்னொன்று, பத்து பங்கு மட்டும் எடுப்பான நிறம் என்று ஒரு விதி சொன்னாள். சுவர் வெளிர் சாம்பல், திரையும் சோபாவும் நீலம், இரண்டு குஷன் உறை கடுகு மஞ்சள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. நான் போய் உட்கார்ந்தேன்.

கிரீஸ் கறை தெரியாது என்று நான் வாங்கிவைத்ததெல்லாம் காப்பிக்கொட்டை நிறச் சட்டை, மொத்தம் ஒன்பது. அவள் வாசலில் நின்று ஒரு கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "என்னங்க, நீங்க உக்காந்தா விகிதம் கெட்டுப்போகுது" என்றாள். "எழுந்திரிச்சா?" என்றேன். "சரியாயிடுது." அன்று வகுப்புத் தோழிகள் ஹாலைப் பார்க்க வந்தபோது நான் வாஷிங் மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் ஜன்னலோரம் நகர்ந்தேன், வெயில் பட்டு இன்னும் மோசமாம். மிச்ச வேலைக்கு வந்த பெயிண்டரும் அவள் பக்கமே சேர்ந்துகொண்டு, "எல்லாம் நல்லா வந்திருக்கும்மா, சார் ஒருத்தர்தான் டல் அடிக்கிறாரு" என்றார். நேற்று கடுகு மஞ்சளில் ஒரு சட்டை வாங்கிவந்து, குஷன் உறை இரண்டையும் கழற்றிவிட்டு, "இனிமே அந்தப் பத்து பங்கு நீங்கதான்" என்றாள். முப்பத்தைந்து வருடம் மாடாய் உழைத்தவன், மச்சான், பத்து பங்கு. மனசு வெறுத்துவிட்டது. இந்த வீட்டில் பகலில் எனக்கு இடமில்லை.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் தங்கள் தங்கை படித்துவிட்டாள். கோபப்படவில்லை. "பத்துன்னா கொஞ்சம்னு அர்த்தமா? கதவைத் திறந்ததும் கண்ணு முதல்ல போய் நிக்கிற இடம் அதுதாங்க. இத்தனை வருஷமா பகல்ல அங்க ஆளே இல்ல. குஷனை வச்சுப் பாத்தேன், கண்ணு நிக்கல" என்றாள். ஆகவே வெள்ளிக்கிழமை வரவில்லை, அறையை ஒழிக்க வேண்டாம். சாயம் போகிறதா என்று பார்க்க அந்தச் சட்டையை அலசிக் கொடியில் போட்டிருக்கிறாள். நான் இல்லாமல் ஹால் வெறிச்சென்றுதான் இருக்கிறது. காய்ந்ததும் போய் உட்கார வேண்டும்.