தாய்லாந்து ஓட்டலில் எங்கள் மில் அரிசி

ரைஸ் மில் வீட்டில் பிறந்தவர்களோடு ஓட்டலுக்குப் போகாதீர்கள். நீங்கள் குழம்பு எப்படி இருக்கிறது என்று பார்ப்பீர்கள். நாங்கள் சோற்றைப் பார்ப்போம். பார்ப்போம் என்றால் சும்மா இல்லை. ஒரு பருக்கையை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவில் நசுக்குவோம், மோந்து பார்ப்போம், என்ன ரகம், புதுசா பழசா, ஓட்டல்காரர் ஏமாந்தாரா, நம்மை ஏமாற்றுகிறாரா என்று முடிவு கட்டுவோம். அதற்குள் உங்கள் குழம்பு ஆறிப்போய்விடும். கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்தால் மணமக்கள் பெயர் எங்களுக்கு மறந்துவிடும். பந்தியில் போட்ட அரிசி மறக்காது.

எங்கள் மில் மண்ணச்சநல்லூரில் இருக்கிறது. பொன்னிப் புழுங்கல்தான் பிழைப்பு. அப்போது நான் பி.காம். முடித்துவிட்டு மில் ஆபீசில் பில் எழுதிக்கொண்டிருந்தேன். வெளியே போய் அரிசி விற்கிற வேலை அண்ணன் சரவணனுக்கு. அண்ணன் நல்லவன். விற்கத்தான் தெரியாது. கடைக்காரர் "இப்ப வேணாம் தம்பி" என்றால், "சரிங்க" என்று சொல்லி, அவர் வாங்கிக் கொடுக்கிற டீயையும் குடித்துவிட்டு வந்து நிற்பான். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். என்னை அனுப்புங்கள், வாங்க வைத்துவிட்டு வருகிறேன் என்று அப்பாவோடு தினமும் சண்டை.

"பொம்பளப் புள்ள வியாபாரம் பேசக் கூடாதுன்னு நான் சொல்லல," என்பார் அப்பா. "நீ பேசக் கூடாதுன்னு சொல்றேன்."

அந்த வருஷம் குடோனில் மூட்டைகள் கூரையை இடித்துக்கொண்டு கிடந்தன. அந்த நேரத்தில்தான் ஸ்ரீரங்கத்து ரங்கராஜன் சார் அரிசி வாங்கப் புதிதாக ஒரு மில் தேடுகிறார் என்று தகவல் வந்தது. திருச்சியைச் சுற்றி சில கல்லூரி விடுதிகளுக்கு அவர்தான் சாப்பாடு போடுகிறார். விடுதிப் பிள்ளைகள் தின்கிற தீனிக்கு எங்கள் குடோன் காலியாகிவிடும். நான்தான் போவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன். கடைசியில் அப்பா இறங்கி வந்தார்.

"சரி, போ. ஆர்டரோட வந்தா இனிமே விற்பனை உன்னோடது. இல்லன்னா ஆபீஸ்ல உக்காந்து பில்லு எழுதணும். அதுக்கப்புறம் இதப் பத்தி ஒரு வார்த்த பேசக் கூடாது. அண்ணன் கூட வருவான். வாயத் தொறக்க மாட்டான்."

"சரி," என்றேன். (அண்ணன் வாயைத் திறந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சரி, விடுங்கள்.)

ரங்கராஜன் சார் பேங்காக்கில் பல வருஷம் வேலை பார்த்தவர். ஊர் திரும்பியதும் தில்லைநகரில் ஒரு தாய்லாந்து ஓட்டல் திறந்திருந்தார். மீன் வாடையே படாத சுத்த சைவம். (தாய்லாந்துக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்களாம். ஸ்ரீரங்கத்துக்காரர் வேறென்ன செய்வார்?) மதியச் சாப்பாட்டுக்கு அங்கேயே வரச் சொன்னார். அண்ணன் பைக்கில் பின்னால் உட்கார்ந்து, சாம்பிள் பாக்கெட்டை மடியில் வைத்துக்கொண்டு, கொள்ளிடம் பாலத்திலிருந்து காவிரிப் பாலம் வரை என்ன பேசுவது என்று சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

"பாப்பா, அவரையும் கொஞ்சம் பேச விடு," என்றான் அண்ணன் சத்திரம் பஸ் ஸ்டாண்டு சிக்னலில்.

"நீ வண்டிய ஓட்டு."

ஓட்டலுக்குள் மார்கழி மாதம் போல ஏ.சி. நெற்றியில் திருமண்ணோடு ரங்கராஜன் சார் வாசலுக்கே வந்தார்.

"வாங்கோ, வாங்கோ. அப்பா சௌக்கியமா? மொதல்ல சாப்பிடுங்கோ. வியாபாரம் எங்க போயிடப் போறது?"

முதலில் புளிப்பாக ஒரு சூப் வந்தது. "ரசம் மாதிரி ஜோரா இருக்கு," என்று அண்ணன் மூக்கை உறிஞ்சிக்கொண்டே குடித்தான். பிறகு தேங்காய்ப் பாலில் பச்சையாக ஒரு குழம்பு. நான் எதையும் தொடவில்லை. சோறு வரட்டும் என்று இருந்தேன்.

சோறு வந்தது. தட்டில் இல்லை, மூடி போட்ட சின்ன மூங்கில் கூடையில். மூடியைத் திறந்து ஒரு பருக்கையை எடுத்தேன். மொத்தச் சோறும் கூடவே எழுந்து வந்தது.

"அண்ணே," என்றேன் மெதுவாக. "புது அரிசி."

"சும்மா இரு பாப்பா."

"களியா கெடக்குண்ணே!"

"அவங்க ஊர்ல அப்படித்தான் போல."

"எந்த ஊர்லயும் சோறு சோறாத்தான் இருக்கணும்."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். அறுவடையான கையோடு அரைத்த அரிசி குழையும், ஒட்டும். பழைய அரிசிதான் உதிரியாக வரும். பழசு என்று சொல்லிப் புதுசைத் தள்ளிவிடுவது எங்கள் தொழிலில் இருக்கிற கேடுகெட்ட பிழைப்பு. பாவம், இந்த நல்ல மனுஷனை எவனோ நன்றாக ஏமாற்றியிருக்கிறான். எனக்கு ஒரு பக்கம் கொதித்தது, இன்னொரு பக்கம் குஷி. திருட்டைக் கண்டுபிடித்துக் கொடுத்தால் ஆர்டர் தானாக மடியில் விழுமே!

"சார், இந்த அரிசி யாரு போடறது? உங்கள நல்லா ஏமாத்தியிருக்காங்க."

அவர் சிரித்தார். "இல்லம்மா, இதுக்கு ஸ்டிக்கி ரைஸ்னு பேரு. இது வந்து..."

"பேரு வெச்சா சரியாயிடுமா சார்? எங்க ஊர்லயும் சோறு கொழையும். நாங்க அதுக்கு இங்கிலீஷ்ல பேரு வைக்கல. கிச்சன் எங்க இருக்கு?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. நானே கண்டுபிடித்துப் போய்விட்டேன்.

உள்ளே ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மா நின்றிருந்தார். பெயர் மாலி, தாய்லாந்திலிருந்தே வந்த சமையல்காரர். அடுப்பில் ஒரு குண்டுப் பாத்திரம், அதன் வாயில் கூம்பு மாதிரி ஒரு மூங்கில் கூடை. பக்கத்தில் அரிசிப் பை. ஒரு கை அள்ளி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். நல்ல அரிசி கண்ணாடி மாதிரி இருக்கும். இது முழுக்கச் சுண்ணாம்பு வெள்ளை. இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

"முத்தாத நெல்ல அரைச்சு வித்திருக்கான் சார், படுபாவி!"

"அம்மா, கொஞ்சம் கேளேன். அந்த ரகமே அப்படித்தான்..." என்று பின்னாலேயே ஓடி வந்தார் ரங்கராஜன் சார். மாலி அவரிடம் அவர்கள் பாஷையில் ஏதோ கேட்டார். இவர் தயங்கித் தயங்கிப் பதில் சொன்னார். மாலியின் முகம் கறுத்தது. அந்த அரிசி, அவருடைய சொந்த அண்ணன் வயலில் விளைந்தது என்று எனக்குப் பிறகுதான் தெரியும்.

நான் சாம்பிள் பாக்கெட்டைப் பிரித்து மாலி முன்னால் வைத்தேன். அடுப்பைக் காட்டினேன். "இதப் போடுங்க. சோறுன்னா என்னன்னு தெரியும்."

"மாலிக்கு நம்ம புழுங்கல் பழக்கமில்லம்மா. வடிக்கறதுக்குத் தோதான பாத்திரமும் இங்க இல்ல," என்றார் ரங்கராஜன் சார்.

"அரிசி நல்லா இருந்தா எதுல போட்டாலும் வேகும் சார்!"

மில்லில் பிறந்து, நெல்லிலேயே தவழ்ந்து, சோறு தின்று வளர்ந்த நான்தான் இந்த வாக்கியத்தைச் சொன்னேன். அப்பா கேட்டிருந்தால் மில்லை விற்றுவிட்டு வேறு தொழிலுக்குப் போயிருப்பார்.

மாலி பாக்கெட்டை எடுத்துக்கொண்டார். எங்கள் பொன்னியில் பாதியை அலசி, மூங்கில் கூடையில் கொட்டி, ஆவியில் வைத்துவிட்டார். தன் அரிசிக்கு எதைச் செய்வாரோ அதையே இதற்கும் செய்தார். தன் அரிசியை மட்டும் முன்கூட்டியே மணிக்கணக்கில் ஊற வைப்பார். அது எனக்குத் தெரியாது. அவரும் சொல்லவில்லை. (நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.)

மேஜைக்குத் திரும்பி, அது வேகிற வரைக்கும் பொன்னியின் பெருமையைப் பேசினேன். ரங்கராஜன் சார் கேட்டார் என்று சொல்ல முடியாது. உட்கார்ந்திருந்தார். அப்புறம் கூடை வந்தது. மூடியைத் திறந்தால், ஆகா, உதிரி உதிரியாக!

"பாத்தீங்களா சார்! ஒண்ணோட ஒண்ணு ஒட்டல பாருங்க!"

அவர் ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டுக் கடித்தார். கடக் என்று சத்தம் கேட்டது. எனக்கே கேட்டது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து வாஷ் பேசினுக்குப் போனார். போனவர் ரொம்ப நேரம் வரவில்லை.

அண்ணன் நாலு பருக்கையை வாயில் போட்டுப் பார்த்தான். "பாப்பா, இது வேகவே இல்ல."

"வெந்திருக்கு."

"ஜல்லி மாதிரி இருக்கு."

கிச்சன் வாசலில் மாலி கையைக் கட்டிக்கொண்டு நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கூடை தோற்றால் நான் தோற்றேன். ஆயுசு முழுக்கப் பில் எழுத வேண்டும். கூடையை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். சாப்பிட ஆரம்பித்தேன். மென்றேன், மென்றேன், அப்படி மென்றேன். தாடை கழன்றது. காதுக்குள் மில் ஓடுகிற சத்தம் கேட்டது. ரங்கராஜன் சார் திரும்பி வந்து, "விட்டுடும்மா, விட்டுடு," என்றார். வாய் நிறைய அரிசி. தலையை மட்டும் ஆட்டினேன்.

மாலி கட்டியிருந்த கையை அவிழ்த்தார். தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டு ஏதோ சொன்னார்.

"நிறுத்தச் சொல்றா," என்றார் ரங்கராஜன் சார். "வயித்த வலிக்குமாம்."

நிறுத்தவில்லை. கூடை காலியான பிறகு, "நல்லாத்தான் இருக்கு," என்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை. அது அழுகை இல்லை, தாடை.

அதற்கப்புறம்தான் ரங்கராஜன் சார் நிதானமாக விளக்கினார்: அந்த ரகம் பிறவியிலேயே ஒட்டும், பிறவியிலேயே சுண்ணாம்பு வெள்ளை, மாலியின் அண்ணன் வயல், எல்லாம். எனக்கு மட்டும் பதில் பேச வாய் திறக்கவில்லை. நிஜமாகவே திறக்கவில்லை. மாலியைப் பார்த்துக் கை கூப்பினேன். அந்தம்மா பதிலுக்குக் கை கூப்பிவிட்டு, காலிக் கூடையைக் கவிழ்த்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். ஒரு பருக்கை மிச்சமில்லை.

காவிரிப் பாலத்தில் ஏறும்போது எனக்கு வயிறு பிசைய ஆரம்பித்தது. அண்ணனால் சிரிப்பை அடக்கி வண்டி ஓட்ட முடியவில்லை. பாலத்து ஓரமாக நிறுத்திவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

சாயங்காலம் அப்பாவுக்குப் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"மிச்ச சாம்பிள எங்காத்துல வடிச்சுப் பாத்தோம். நன்னா இருக்கு. ஹாஸ்டலுக்கு அனுப்பிச்சுடுங்கோ," என்றார் ரங்கராஜன் சார். "ஆனா ஒண்ணு. பேச்சுவார்த்தைக்குப் பையன அனுப்புங்கோ. கொழந்தைய அனுப்ப வேண்டாம். மாலி கூடையெல்லாம் எடுத்து உள்ள வெச்சுண்டுட்டா."

போனை வைத்ததும் நான் கேட்டேன்: "ஆர்டர் வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு," என்றார் அப்பா.

"அப்ப விற்பனை என்னோடது."

"ஆர்டர் அரிசிக்கு வந்துச்சு பாப்பா," என்றான் அண்ணன். "உனக்கு வரல."

இரண்டு நாள் வீட்டில் ஒரே ரகளை. கடைசியில் அப்பா தீர்ப்புச் சொன்னார்: "கடைக்கெல்லாம் நீ போ. சமையக்கட்டு இருக்கிற எடத்துக்கு அண்ணன் போவான்."

ஒப்புக்கொண்டேன். இன்று எங்கள் அரிசி போகாத கடை சத்திரம் பக்கத்தில் கிடையாது. எல்லாம் நான் பிடித்தது. நானும் டீ குடிக்கிறேன், ஆர்டர் எழுதி வாங்கிய பிறகு. ஓட்டல்களுக்கும் போகிறேன், கல்லாவைத் தாண்டுவதில்லை. தில்லைநகர் ஓட்டலுக்கு மட்டும் இன்னமும் அண்ணன்தான்.

பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா முதலில் சொன்னதே இந்தக் கதையைத்தான். என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டுச் சம்மதித்தார். எந்த ஓட்டலுக்குப் போனாலும் என்னைச் சுவரோரம் தள்ளி உட்கார வைத்துவிட்டு, எனக்கும் கிச்சன் கதவுக்கும் நடுவில் அவர் உட்காருகிறார். போன மாசம் அப்படித்தான், பிரியாணி வந்தது. ஒரு பருக்கையை எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். "அப்பா, அம்மா எந்திரிக்கிறாங்க!" என்று கத்தினாள் என் மகள். அவர் சாப்பிடுவதை நிறுத்தாமல் காலை நீட்டி வழியை மறித்தார்.

அது நிஜமாகவே புது அரிசி. காலைத் தாண்டிப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.